ஸ்டேஷனில் புகார் கொடுத்த அனுபவம், சர்வேக்குப் பதில் சொன்ன அனுபவம்: எழுதுங்கள்

திரியைத் தொடங்கியவர்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கை வரும்போதெல்லாம் எந்த மாநிலம் மோசம் என்று டிவியில் ஒரு சண்டை நடக்கும். அந்த அறிக்கைக்குள் போவதோ போலீஸ் பதிவு செய்த வழக்குகள் மட்டும்தான். பதிவாகாமல் போனவை எப்படிப் போயின என்று நம் கதைகளைச் சேர்க்கலாம் என்று தோன்றியது.

என் கதை சின்னது. பஸ்ஸில் ஏறுகிற நெரிசலில் சட்டைப் பையிலிருந்து செல்போனை உருவிவிட்டார்கள். கை பட்டது நன்றாகவே தெரிந்தது. ஸ்டேஷனில் ஏட்டு மரியாதையாகத்தான் பேசினார். மனுவை வாசித்துவிட்டு, "திருடிட்டாங்கன்னு எழுதாதீங்க சார். தவறவிட்டுட்டேன்னு எழுதுங்க, சிம் வாங்க அதுவே போதும்" என்றார். சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது மனுவை வாங்கிக்கொண்டதற்கான சீட்டு, கிடைத்தது, சிம்மும் கிடைத்தது. எஃப்.ஐ.ஆர்., அதாவது வழக்குப் பதிவு, இல்லை. பக்கத்து வீட்டுக்காரரின் பைக் திருடுபோனபோது எஃப்.ஐ.ஆர். தாமதமில்லாமல் வந்தது, ஏனென்றால் அது இல்லாமல் இன்சூரன்ஸ்காரன் பேசவே மாட்டான். ஆக, பைக் கணக்கில் ஏறியது, என் போன் ஏறவில்லை.

2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம், பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு ஐ.டி.எஃப்.சி. இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு நிறுவனம் சென்னை, டெல்லி, மும்பை, பெங்களூரு வீடுகளில் நேரில் கேட்டு 2017இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. திருட்டுக்கு ஆளானவர்களில் எஃப்.ஐ.ஆர். வரை போய்ச் சேர்ந்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை.

பழைய ரைட்டர்

போலீஸ் ஸ்டேஷனில் வழக்கு எழுதுகிற ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்த ஏட்டு சொன்ன வாசகத்தை நானும் சொல்லியிருக்கிறேன், மறுக்கவில்லை. மாதாமாதம் கிரைம் மீட்டிங் நடக்கும். போன வருஷம் இதே மாதம் எத்தனை சொத்து வழக்கு (திருட்டு, கொள்ளை மாதிரி), இந்த வருஷம் எத்தனை என்று கேட்பார்கள். கூடியிருந்தால் இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். போன் கிடைப்பது அபூர்வம். கண்டுபிடிக்காத கேஸ் ஒவ்வொன்றும் தலைமேல் நிற்கும். பிறகு எவர் பதிவு செய்யத் துடிப்பார்? வழக்கே பதியாமல் அமுக்குவதற்கு டிபார்ட்மெண்டில் 'பர்க்கிங்' என்று பெயரே உண்டு.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2020 ஊரடங்கில் ராத்திரி பகலாக எஃப்.ஐ.ஆர். போட்டோம். எல்லாம் 188ஆம் பிரிவு, அதாவது அரசு உத்தரவை மீறியது. வாசகம் ஒன்றே, பெயர், வண்டி நம்பர், நேரம் மட்டும் மாறும். பால் வாங்கப் போனவர், மாத்திரை வாங்கப் போனவர், சும்மா ஊர் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனவர் என்று எல்லாரும் உள்ளே வந்தார்கள். அதே சமயம் பூட்டு உடைக்கிற கேஸ் எங்கள் எல்லையில் குறைந்துபோனது. எல்லாரும் வீட்டிலேயே இருந்தால் எவன் வருவான்? அறிக்கை வந்தபோது நாட்டில் குற்றம் 28 சதவீதம் கூடிவிட்டது என்று தலைப்பு. 2019இல் நாடு முழுக்க 29 ஆயிரத்துச் சொச்சமாக இருந்த 188 வழக்குகள் 2020இல் 6 லட்சத்து 12 ஆயிரம் ஆகியிருந்தன. தமிழ்நாட்டு எண்ணும் ஒரே வருஷத்தில் பல மடங்கு எகிறியது. அதைப் பார்த்து என் மைத்துனர், "உங்க ஊர்ல இப்படி ஆயிடுச்சே" என்று துக்கம் விசாரித்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீடு புகுந்து ஆளைக் கொன்று நகையை எடுத்துப் போனால், ஒரே எஃப்.ஐ.ஆரில் எத்தனை பிரிவு இருந்தாலும் அறிக்கையில் பெரிய குற்றம் ஒன்றுதான் எண்ணப்படும். அது கொலை.

கணக்கெடுப்புக்குப் போனவள்

ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில் களப்பணி செய்தேன். தமிழ்நாட்டில் 2020 தொடக்கத்தில் ஆரம்பித்து, ஊரடங்கில் நின்று, டிசம்பரில் மறுபடி தொடங்கியது. குடும்ப வன்முறை பற்றிய பகுதியை ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும்தான் கேட்கலாம், அதுவும் அவர் தனியாக இருந்தால்தான். மாமியார் தண்ணீர் கொடுக்க வந்தாலும் பேச்சை மாற்றிவிட வேண்டும்.

"உங்களுக்குக் கொடுமை நடந்ததா" என்று மொட்டையாகக் கேட்பதில்லை. அறைந்தாரா, தள்ளினாரா, கையை முறுக்கினாரா, முடியைப் பிடித்து இழுத்தாரா என்று ஒவ்வொன்றாகப் போகும். ஒரு அக்கா, "அய்யோ, அவர் அடிக்கவெல்லாம் மாட்டார்" என்றே ஆரம்பித்தார். முடி என்றதும் கொஞ்சம் யோசித்து, "அது எப்பவாவது" என்றார். பதிலைக் குறிக்கும்போது முகத்தில் ஒன்றும் காட்டக் கூடாது என்பது பயிற்சியில் சொன்னது. கஷ்டமான வேலை.

18 முதல் 49 வயது வரை உள்ள, மணமான பெண்களில் கணவரின் வன்முறையைச் சந்தித்ததாகச் சொன்னவர்கள் தமிழ்நாட்டில் 38 சதவீதம், இந்தியா முழுக்க 29. ஆனால் கணவரும் அவர் வீட்டாரும் செய்யும் கொடுமைக்கான அப்போதைய 498ஏ பிரிவில் பதிவான வழக்குகளில் தமிழ்நாடு பெரிய மாநிலங்களில் கீழேதான் இருந்தது. மகளிர் காவல் நிலையத்தில் பெரும்பாலும் மனு ரசீது, இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேச்சு, அதோடு சரி. நாடு முழுக்க வன்முறையைச் சந்தித்த பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்களே 14 சதவீதம்தான். உதவி என்றால் அம்மாவும் அண்ணனும் சேர்த்து. போலீஸ் வரை போனவர்கள் அதிலும் கொஞ்சம். 38க்கும் 29க்கும் உள்ள வித்தியாசத்தில் எவ்வளவு அடி, எவ்வளவு வாய்திறப்பு என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

லண்டன் கடைக்காரர்

இங்கே வீட்டில் நகை களவு போனது. இன்சூரன்ஸுக்காகப் பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம் உடனே எடுத்தோம். பிறகு குற்றச் சர்வே எடுக்கிற பெண் ஒருவர் லேப்டாப்போடு வந்தார். நகைக் கதையைச் சொல்ல ஆவலாக உட்கார்ந்தேன். எந்த மாதம் என்று நாள்காட்டியைக் காட்டிக் கேட்டார். கடந்த 12 மாதத்துக்குள் நடந்ததைத்தான் எடுப்பார்களாம், என் களவு அதற்கு முந்தியது. வங்கி அட்டையில் யாரோ காசு அடித்ததை வேண்டா வெறுப்பாகச் சொன்னேன், அதை விலாவாரியாகக் கேட்டு எழுதினார்! மோசடி, கணினிக் குற்றக் கேள்விகளை 2015இல்தான் சேர்த்திருக்கிறார்கள். சேர்த்ததும் இங்கிலாந்து, வேல்ஸில் ஆண்டுக்கு 58 லட்சம் சம்பவம் புதிதாகக் கணக்கில் வந்தது. கடையில் நாளாந்தம் போகிற சொக்லேட்டும் போத்தலும் அதில் இல்லை, அது வீட்டு ஆட்களின் சர்வே.

பொலிஸ் கணக்கு இங்கேயும் திறமில்லை. முறைப்பாடு செய்த குற்றங்களில் 19 சதவீதம் பதியப்படவே இல்லை என்று 2014இல் அவர்களுடைய கண்காணிப்பு அமைப்பே கண்டுபிடித்தது.

திரியைத் தொடங்கியவர்

ரைட்டர் ஐயா, அப்போ எந்த எண்ணைத்தான் பார்ப்பது?

பழைய ரைட்டர்

கொலையைப் பாருங்கள், பிணத்தைத் தவறவிட்டதாக யாரும் எழுதி வாங்க முடியாது. வண்டித் திருட்டும் பரவாயில்லை. செயின் பறிப்பை மட்டும் தொடாதீர்கள். பழைய இந்தியத் தண்டனைச் சட்டமான ஐ.பி.சி.யில் அதற்குத் தனிப் பிரிவே இருந்ததில்லை. திருட்டு என்று 379லும் போடுவோம், திருட வலுவைக் காட்டியது என்று 356லும் போடுவோம், கழுத்தில் காயம் இருந்தால் கொள்ளை என்று 392. 2024 ஜூலை 1 முதல் ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் பறிப்புக்கென்றே 304 வந்துவிட்டது. பழைய 392ஐயும் புதிய 304ஐயும் பக்கத்தில் வைத்து யாராவது வரைபடம் போட்டால் தயவுசெய்து எனக்கு அனுப்பாதீர்கள்.