இரட்டை இறக்கை மாதிரி விமானத்துக்கு உறுதியான மாற்று ஸ்ட்ரட்டுகள் செய்வது எப்படி?

கேள்வி: மண்டபம்_மாதிரியாளர்

அனைவருக்கும் வணக்கம். டைகர் மாத் என்ற இரட்டை இறக்கை விமானத்தின் 1:48 அளவிலான மாதிரி ஒன்றை ஓராண்டுக்கு முன் கட்டி முடித்தேன். ஆடி மாதத்தில் அதை ஓர் அட்டைப்பெட்டியில் வைத்து, மண்டபத்திலிருந்து இராமநாதபுரத்துக்குப் பேருந்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். போய்ப் பெட்டியைத் திறந்தபோது இடப்பக்கத்து மேலிறக்கைக்கும் கீழிறக்கைக்கும் இடையே நிற்கும் இரண்டு ஸ்ட்ரட்டுகளும் (தாங்கு கால்கள்) கழன்று கிடந்தன; அவற்றுள் ஒன்று நடுவில் ஒடிந்தும் இருந்தது. ஃபெவிக்விக் வைத்து மூன்று முறை ஒட்டிவிட்டேன், மூன்று முறையும் விட்டுவிட்டது. பெட்டியில் மிஞ்சிய பிளாஸ்டிக் சட்டத்தைச் சூடாக்கி இழுத்துச் செய்த கால் வளைகிறது. தென்னை ஈர்க்கில் செய்ததோ இரண்டு வாரத்தில் காய்ந்து சுருங்கி ஆடத் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு காலும் ஏறத்தாழ 3 செ.மீ. நீளம். எங்கள் வீட்டுக்குக் கடல் மிக அருகில் என்பதால் இரும்புக் கம்பி எதுவானாலும் துருப்பிடிக்கும். எந்தப் பொருளில் செய்தால் நிற்கும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: உச்சிப்புளி_இறக்கை

ஐயா, பொருளைத் தேடும் முன் கழன்று வந்த கால்களின் முனையை ஒரு பூதக்கண்ணாடியில் பாருங்கள். பிளாஸ்டிக் வெளுத்துப் பிய்ந்திருந்தால் கால் தாங்கவில்லை என்று பொருள். முனை வழவழப்பாக, பசை மட்டும் கண்ணாடிபோல் மின்னினால் கால் நன்றாகத்தான் இருக்கிறது, மூட்டுத்தான் விட்டிருக்கிறது. நான் பழுதுபார்த்தவற்றில் பெரும்பாலானவை இரண்டாம் வகை. ஒரு மில்லிமீட்டர் முனையை இறக்கையின் பரப்பில் வெறுமனே ஒட்டிவைத்தால், எந்தப் பசையானாலும் பக்கவாட்டில் ஓர் அசைவு வந்ததும் விடும். நம் கடற்கரை ஈரத்தில் ஃபெவிக்விக் மிக விரைவாக இறுகிவிடுவதால் காலை நேராக்கவும் நேரம் கிடைப்பதில்லை.

ஆகவே காலின் இரு முனைகளும் இறக்கைக்குள் 1.5 மி.மீ. ஆழமாவது இறங்க வேண்டும். இதற்கு நான் பயன்படுத்துவது 1 மி.மீ. பித்தளைக் கம்பி. பாலிஸ்டைரீனின் விறைப்பு சுமார் 3 ஜிகாபாஸ்கல், பித்தளையினுடையது சுமார் 100. ஆகவே அதே கனத்தில் கால் முப்பது மடங்குக்கு மேல் வளையாமல் நிற்கும். கம்பியைச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டு, முனைகளில் இரண்டிரண்டு மி.மீ. விட்டுவிட்டு, நடுப்பகுதியை மட்டும் பட்டறைக்கல்லில் மெல்லத் தட்டினால் அது 0.6 மி.மீ. கனமும் 1.3 மி.மீ. அகலமுமாகத் தட்டையாகும். தட்டத் தட்டப் பித்தளை மீண்டும் விறைத்துக்கொள்ளும் என்பதால் காய்ச்சியதால் வந்த மென்மை தங்காது. பிறகு விளிம்புகளை அரத்தால் உருட்டிவிட்டால் உண்மைக் காலின் நீள்வட்ட வடிவம் வந்துவிடும். உருண்டையாக விட்ட முனைகளை 0.7 மி.மீ. கனத்துக்கு மெலித்தால் அவையே இறக்கைத் துளைக்குள் இறங்கும் ஆணி.

இறக்கையில் துளை போடும்போது செங்குத்தாகப் போடாதீர்கள். டைகர் மாத்தின் மேலிறக்கை கீழிறக்கையைவிட முன்தள்ளி இருப்பதால் கால்கள் சாய்ந்தே நிற்கும். அந்தச் சாய்விலேயே துளையும் போக வேண்டும். ஒட்டுவதற்கு மெதுவாக இறுகும் அரால்டைட் நல்லது, ஏனெனில் நான்கு கால்களையும் பொருத்திய பின் மேலிறக்கையை நேராக்க அரைமணி நேரமாவது வேண்டும்.

பதில் 2: கீழக்கரை_பட்டறை

எங்கள் குடும்பத்தில் நகைத்தொழில் செய்பவர்கள் உண்டு. மேலே நண்பர் சொன்னதில் எனக்குக் கூட்டிச் சொல்ல இருப்பது இரண்டே. ஒன்று, நான்கு கால்களையும் தனித்தனியே அளந்து வெட்டாதீர்கள். நான்கையும் சேர்த்துக் கட்டி ஒரே இடுக்கியில் பிடித்து முனைகளை ஒன்றாக அராவினால் மட்டுமே நீளம் பிசகாது. மற்றொன்று, வண்ணம் பூசும் முன் பித்தளையைப் புளியால் தேய்த்து, நல்ல தண்ணீரில் இருமுறை கழுவி, உலர்த்திவிட்டு, அதன்பின் விரல் படாமல் பிரைமர் அடியுங்கள். கைவியர்வை பட்ட இடத்தில் உப்புக் காற்று முதலில் பிடிக்கும். ஆறு மாதத்தில் வண்ணத்துக்கு அடியில் பச்சை பூத்து, செதிலாக உரிந்து வரும்.

பதில் 3: பாம்பன்_மரவேலை

பித்தளையை நான் மறுக்கவில்லை. ஆனால் விமானம் மேசையிலிருந்து விழுந்தால் பித்தளைக் கால் ஒடியாது, இறக்கையின் பிளாஸ்டிக்கைத்தான் பிய்த்துக்கொண்டு வரும். காலை மாற்றலாம், இறக்கையை மாற்ற முடியாது. அதனால் இறக்கைகளுக்கு இடையே நிற்கும் கால்களுக்கு நான் மூங்கிலையே சொல்வேன். நன்றாகக் காய்ந்த மூங்கிலில், கணுவில்லாத இடைப்பகுதியை எடுத்து, வெளித்தோலை ஒட்டிய பாகத்தை மட்டும் பயன்படுத்துங்கள். நார் நெருக்கமாக இருப்பது அங்கேதான். வாளால் அறுத்தால் நார் வெட்டுப்படும், கத்தியால் பிளந்தால் அது முனைக்கு முனை முழுதாக ஓடும். படகு வேலையில் என் தந்தையார் எனக்குக் கற்றுத்தந்த முதல் பாடம் இது. பிளந்ததைக் கண்ணாடிச் சில்லின் விளிம்பால் சுரண்டிச் சுரண்டி வடிவுக்குக் கொண்டுவாருங்கள். உப்புத்தாள் நாரைப் பஞ்சாக்கிவிடும். முனையில் துளையிட்டு ஆணி செருகினால் பிளந்துவிடும் என்பதால் முனையையே மெலித்து ஆணியாக்குங்கள். கடைசியில் தண்ணீர்போல் ஓடும் சூப்பர் க்ளூவைச் சொட்டுச் சொட்டாக ஊறவிட்டால் நார் கல்லாகிவிடும், ஈரமும் ஏறாது.

பனஞ்சிராயை நம் ஊரில் பலர் முயன்று பார்ப்பதுண்டு. உத்தரமாக நிற்கும் அதே மரம் ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு வந்ததும் உதவாது; கறுப்பு நார்களுக்கு நடுவே சோறுபோன்ற மென்பகுதி இருப்பதால் அந்த இடத்தில் பிளந்துகொள்ளும்.

மண்டபம்_மாதிரியாளர்

மூவருக்கும் மிக்க நன்றி. பூதக்கண்ணாடியில் பார்த்தேன்: நான்கு முனைகளில் மூன்று வழவழவென்று மின்னுகின்றன, ஒன்றில் மட்டுமே பிளாஸ்டிக் வெளுத்திருக்கிறது. ஓராண்டாக நான் பொருளைக் குறைசொல்லிக்கொண்டிருந்தது தவறு. எரிபொருள் தொட்டியோடு மேலிறக்கையின் நடுப்பகுதியைத் தாங்கும் உடற்பக்கக் கால்களைப் பித்தளையிலும், வெளிக்கால்கள் நான்கையும் மூங்கிலிலும் செய்வதென்று முடிவெடுத்துவிட்டேன். நேற்று மாலை முதலாவது மூங்கில் காலைச் சுரண்டி முடித்து, பயனற்ற ஒரு பழைய இறக்கைத் துண்டில் துளையிட்டு அரால்டைட்டில் நிறுத்தினேன். இன்று காலை காலைப் பிடித்து இறக்கைத் துண்டைத் தலைகீழாகத் தூக்கி உதறிப் பார்த்தேன், அசையவில்லை. இறக்கைகளுக்கு இடையே இழுத்துக் கட்டும் கட்டுக்கம்பிகளுக்குத் தங்கூசி (நைலான்) நரம்பு போடலாமா, அல்லது ஈரக்காற்றில் நைலான் தளர்ந்துவிடுமா என்பதை மட்டும் யாராவது சொன்னால் இந்த வாரமே இழுத்துக் கட்டிவிடுவேன்.

உச்சிப்புளி_இறக்கை

தளரும் ஐயா. நைலான் ஈரத்தை உறிஞ்சி நீளும் இயல்புடையது. மெல்லிய பித்தளைக் கம்பியையே நேராக்கி, அளவாக வெட்டி, இரு முனையிலும் ஒரு புள்ளி பசை வைத்துப் பொருத்துங்கள்.