புதுப்பிப்பு: பேடல் கோர்ட் கிடைத்தது, நம் ஊரில் அல்ல

கீழக்கரை பக்கம் பேடல் (டென்னிஸ் மாதிரி, சுற்றுச் சுவரில் பட்டு வரும் பந்தையும் அடித்து ஆடும் ஆட்டம்) கோர்ட் இருக்கிறதா, புதிதாக ஆடுபவன் எப்படி புக் செய்வது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ராமநாதபுரம், மண்டபம் வரை விசாரித்தேன். நான் கேட்ட டர்ஃப்களில் (வாடகைக்கு விடும் செயற்கைப் புல் மைதானங்கள்) கால்பந்தும் கிரிக்கெட்டும்தான். பேடலுக்கு 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலத்தில், கண்ணாடிச் சுவரும் கம்பி வலையும் சூழ்ந்த தனிக் கோர்ட் வேண்டும்.

சரி, வேலையாகச் சென்னை போனபோது ஆப்பில் ஒரு மணி நேரம் புக் செய்தேன். மாலை நேரமெல்லாம் நிரம்பிவிட்டது, காலை 7 மணிதான் கிடைத்தது. நாலு பேர் ஆடும் ஆட்டம். துபாயிலிருந்து வந்திருந்த மச்சானும் அவர் நண்பர்கள் இருவரும் வந்தார்கள், வாடகையைப் பங்கு போட்டோம். பேட் வாடகைக்குக் கிடைக்குமா என்று முன்பே போனில் கேட்டுக்கொள்ளுங்கள். அதில் நரம்பு கிடையாது, துளை போட்ட கெட்டிப் பலகை.

சர்வீஸ் இடுப்புக்கு மேலே போகாமல் கீழ்க்கையாக அடிக்க வேண்டும், அது சீக்கிரம் பழகிவிட்டது. சுவர்தான் புதுசு. தரையில் குத்திய பந்து என்னைத் தாண்டியதும், ஷட்டில் பழக்கத்தில் விட்டுவிட்டேன். "நில்லுங்க மச்சான், கண்ணாடியில பட்டு வரும்" என்றார் துபாய் மச்சான். அடுத்த பந்துக்கு நின்றேன். டப்பென்று பின்சுவரில் பட்டு, முழங்கால் உயரத்தில் மெதுவாக வந்தது. அதை வலைக்கு அப்பால் அனுப்பியபோது அப்படி ஒரு சந்தோஷம்!

நம் கடற்கரைப் பக்கம் யாராவது கோர்ட் போடுவதாகத் தெரிந்தால் சொல்லுங்கள். முதல் புக்கிங் நான்தான்.