புதுப்பிப்பு: துவாஸ் 800 மீட்டர் வயர்லெஸ் இணைப்பு, கடைசியில் எது எடுத்தோம்

சிங்கப்பூர் துவாஸில் எங்கள் கூரையிலிருந்து 800 மீட்டர் தள்ளி இருக்கும் ஊழியர் விடுதிக்கு இணையம் கொண்டுபோக 60 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவா, 5 கிகாஹெர்ட்ஸா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

"இரண்டையும் போடு, மழைக்கு 5 காவல் இருக்கட்டும்" என்று சொன்ன அண்ணன் யோசனைதான் வேலை செய்தது. 60இல் காற்றிலுள்ள ஆக்சிஜன் மட்டுமே சிக்னலைக் கிலோமீட்டருக்கு 15 டெசிபெல் (10 டெசிபெல் போனால் சிக்னல் பத்தில் ஒன்றாகிவிடும்) அளவுக்குத் தின்றுவிடும். மணிக்கு 100 மில்லிமீட்டர் மழை என்றால் அதோடு கிலோமீட்டருக்கு இன்னொரு 30 டெசிபெல் போகும். 5இல் அதே மழைக்கு ஒரு டெசிபெல் போனால் பெரிது. விடியற்காலை சுமத்ராக் காற்று (சுமத்ரா பக்கமிருந்து வரும் புயல்மழை) அடித்தபோது 60 விழுந்தது. 5 உடனே ஏற்றுக்கொண்டது, வேகம் மட்டும் குறைந்தது. விடுதியில் யாரும் புகார் சொல்லவில்லை, தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

உயரத்தைப் பற்றி எச்சரித்தவருக்கும் தனி நன்றி. நடுவழியில் ஃப்ரெனல் வளைய (இரண்டு ஆண்டெனாவுக்கும் நடுவே நேர்கோட்டைச் சுற்றித் தடையில்லாமல் இருக்க வேண்டிய இடம்) ஆரம் 60க்கு ஒரு மீட்டர்தான், 5.8க்கு மூன்று மீட்டருக்கு மேல். பக்கத்துக் கிரேனுக்காகக் கம்பத்தை இரண்டு மீட்டர் ஏற்றினோம்.

எதிர்பார்க்காதது ஒன்று. நல்ல வெயிலில் 5 திடீரென ஒரு நிமிடம் காணாமல் போனது. லாக்கில் பார்த்தால் ரேடார் என்று இருந்தது: டிஎஃப்எஸ் சேனல் (ரேடார் தெரிந்தால் ரேடியோ விட்டுக்கொடுத்து விலக வேண்டிய சேனல்), புது சேனல் தேடி, அங்கே ரேடார் இருக்கிறதா என்று 60 விநாடி காது கொடுத்துக் கேட்டிருக்கிறது. ஐஎம்டிஏ (சிங்கப்பூரில் ரேடியோ அலைகளுக்கு விதி வகுக்கும் அமைப்பு) வைத்திருக்கும் சக்தி வரம்பைப் பார்த்துக்கொண்டு டிஎஃப்எஸ் இல்லாத சேனலுக்கு மாற்றினேன். அப்புறம் அந்தத் தொல்லை இல்லை.