காலிப் பெட்டிக்கு யார் சாட்சி?

கணக்குப்பிள்ளை:
அமெரிக்காவில் எலாப் என்று ஓர் அவசர நிவாரணத் திட்டம். 2008 பண்ணைச் சட்டத்தில் வந்தது. வறட்சி, காட்டுத்தீ, நோய் என்று வந்தால் கால்நடை, தேனீ, மீன் வளர்ப்பவர்களுக்கு அரசு பணம் தருகிறது. வருடத்துக்கு 2 கோடி டாலர் என்றிருந்த உச்சவரம்பையும் 2018-ல் எடுத்துவிட்டார்கள். பேக்கரியில் அடுப்பு வெடித்தால் அரசா தருகிறது? காப்பீடு எடுக்கட்டும். 1984-ல் நியூசிலாந்து பண்ணை மானியங்களை வெட்டியது, விவசாயம் ஒன்றும் அழிந்துபோகவில்லை.

மேய்ச்சல்காரன்:
அடுப்பை ஒரே வாரத்தில் வாங்கிவிடலாம். கன்று கறவைக்கு வர இரண்டு வருடத்துக்குக் குறையாது. வறட்சியில் தீவனம் இல்லாமல் எல்லோரும் ஒரே சமயத்தில் மாட்டை விற்க வருவார்கள், விலை சரியும். மழை பெய்ததும் எல்லோரும் வாங்க வருவார்கள், விலை ஏறும். இரண்டு பக்கமும் அடி. அப்புறம், அந்த நியூசிலாந்தே 2017-ல் மைக்கோபிளாஸ்மா போவிஸ் என்ற மாட்டு நோய் வந்து, அரசு மாடுகளை அழிக்கச் சொன்னபோது இழப்பீடு கொடுத்ததே?

கணக்குப்பிள்ளை:
அது அரசு கொல்லச் சொன்ன மாடு, அதற்கு அரசு பணம் தந்தது. தானாகச் செத்ததற்கும் தரவேண்டுமா?

தேனடை:
செத்ததை நிரூபிப்பதே எங்களுக்குப் பெரும்பாடு. மாடு என்றால் உடல் கிடக்கும், காதில் எண் இருக்கும், மருத்துவர் எழுதித் தருவார். 2006 குளிர்காலத்தில் அமெரிக்காவில் தேனீக்கள் மாயமானபோது பெட்டியைத் திறந்தால் ராணி இருந்தது, கையளவு இளம் தேனீக்கள் இருந்தன, அடையில் தேன்கூட அப்படியே. வேலைக்காரத் தேனீக்களை மட்டும் காணோம். வாசலில்கூட பிணம் இல்லை. பெட்டி வாங்கிய ரசீதும் தேனீக்குத் தீவனமாகத் தரும் சர்க்கரைக்குப் போட்ட பில்லும்தான் சாட்சி.

கணக்குப்பிள்ளை:
அதைத்தானே நானும் சொல்கிறேன். தேனீயைத் தாக்கும் வரோவா உண்ணிக்கு மருந்தே போடாதவருக்கும் ஒழுங்காகப் போட்டவருக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்?

தேனடை:
மருந்து போட்டவர்களுக்கும் செத்தது சார். 2025-ல் அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் பார்த்த, செத்துப்போன தேனீக் கூட்டங்களின் மாதிரிகளில், அமிட்ராஸ் மருந்துக்கு அசராத உண்ணிகளும் அவை பரப்பும் வைரஸும் இருந்தன. பிப்ரவரியில் கலிபோர்னியா பாதாம் பூக்கும்போது மகரந்தச் சேர்க்கைக்குத் தேனீப் பெட்டி இல்லையென்றால் யாருக்கு நஷ்டம்?

கணக்குப்பிள்ளை:
அதற்கு வாடகை வாங்குகிறார்களே! நஷ்டம் தோட்டக்காரருக்கென்றால் அவர் கொடுக்கட்டும்.

மேய்ச்சல்காரன்:
வாடகை சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். 2024-ல் கறவை மாடுகளுக்குப் பறவைக் காய்ச்சல் வந்தபோது, குறைந்துபோன பாலுக்கு எலாப் 90 சதவீதம் ஈடு தந்தது. ஆய்வகம் நோயை உறுதி செய்தால்தான் பணம். பணம் இல்லையென்றால் எந்தப் பண்ணையாளர் தானாக முன்வந்து சோதனை செய்வார்? மறைத்துத்தான் வைப்பார். அரசு அங்கே பாலுக்கு மட்டுமா பணம் கொடுத்தது? தகவலுக்கும் சேர்த்துத்தான்.

தேனடை:
இது நல்ல யோசனை. தேனீக்கும் இப்படியே வைக்கலாம். அரைக் கோப்பை தேனீ, சுமார் 300 இருக்கும், ஆல்கஹாலில் போட்டுக் குலுக்கினால் உண்ணிகள் கழன்று அடியில் தங்கும். எண்ணி, தேதி போட்டு எழுதி வைக்கவேண்டும். பதிவேடு இருந்தால் பணம், இல்லையென்றால் இல்லை.

கணக்குப்பிள்ளை:
எண்ணுவது யார்? வளர்ப்பவரேவா?

மேய்ச்சல்காரன்:
குலுக்கிய டப்பாவை அப்படியே ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
ஆய்வகக் கட்டணம் யார் கணக்கில்? மறுபடியும் அரசா? :)