வக்கீல் சன்னதை (தொழில் செய்யும் உரிமத்தை) பறிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும்?

மேலூர்க்காரன்:
பஸ் மோதிக் கால் போன சித்தப்பாவுக்கு இழப்பீடு பாங்கில் ஏறியதும், முன்பே கையெழுத்து வாங்கி வைத்திருந்த வெற்றுச் செக்கில் பாதியை எடுத்துக்கொண்டார் வக்கீல். வக்கீல்களைப் பதிவு செய்து அவர்கள் மீதான புகாரை விசாரிக்கும் பார் கவுன்சிலுக்குப் போ என்கிறார்கள். விசாரிக்கும் கமிட்டியில் மூன்று பேர், மூவரும் வக்கீல்கள். அப்புறம் எங்கே சன்னது பறிபோகும்?

உலகனேரி வக்கீல்:
போகும் தம்பி. இழப்பீட்டில் இத்தனை பங்கு என்று ஃபீஸ் பேசுவதே விதிப்படி தப்பு. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டம் 35ஆவது பிரிவின்படி கண்டிக்கலாம், சில காலம் தொழில் செய்யத் தடை போடலாம், வக்கீல் பட்டியலிலிருந்து பெயரையே நீக்கலாம்.

தெப்பக்குளத்தான்:
நீக்கலாம், சரி. நீக்குகிறார்களா? 1970களில் நம் மாநிலத்து வக்கீல் ஒருவர் புரோநோட்டு வழக்குப் போடுவதாகக் காது கேளாத முதியவரிடம் பணம் வாங்கிவிட்டு வழக்கே போடவில்லை. மாநில கவுன்சில் ஆறு வருஷம் தடை விதித்தது. இந்திய பார் கவுன்சில் அதை ஒரு வருஷமாக்கியது. சுப்ரீம் கோர்ட் அதிலும் ஒரு பகுதிக்குப் பதிலாக ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி செய்யச் சொன்னது. ஏமாற்றிய ஆளையே ஏழைகளுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள்! இந்த அதிகாரம் நீதிபதியிடம் இருக்க வேண்டும்.

உலகனேரி வக்கீல்:
அதைத்தான் 2016இல் சென்னை ஹைகோர்ட் செய்து பார்த்தது. கோர்ட்டில் கத்தினால், முற்றுகையிட்டால் நீதிபதிகளே தடை போடலாம் என்று விதி வந்தது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது. செய்யத்தானே வேண்டும்? காலையில் நீதிபதியிடம் வாதாடி மாலையில் பிழைப்புப் போகும் என்றால், போலீசுக்கு எதிரான வழக்கில் உங்களுக்காக எவன் வாய் திறப்பான்?

மேலூர்க்காரன்:
சார், நான் கேட்டது கத்தினவரைப் பற்றி இல்லை. பணத்தை எடுத்தவரைப் பற்றி.

தெப்பக்குளத்தான்:
புகாரை ஓராண்டுக்குள் முடிக்க வேண்டுமாம். முடிக்காவிட்டால் இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிவிடும். மேலூரிலிருந்து சென்னைக்கே போக முடியாதவர், ஒற்றைக் காலோடு டெல்லிக்குப் போகட்டும்.

உலகனேரி வக்கீல்:
தூரம் ஒரு குறைதான், மறுக்கவில்லை. ஆனால் செக் நம்பரும் பாஸ்புக் நகலும் இருந்தால் இது பலமான புகார். மனுவை நானே எழுதித் தருகிறேன், காசு வேண்டாம்.

மேலூர்க்காரன்:
கமிட்டி முன்னால் சித்தப்பாவுக்காக ஆஜராவீர்களா?

உலகனேரி வக்கீல்:
மனு எழுதித் தருகிறேன் தம்பி. என் பெயர் மட்டும் வெளியே வர வேண்டாம்.