டொமினிக்கா: கொதிக்கும் ஏரிக்குப் போனவர்கள் சொல்லுங்களேன்

பிப்ரவரியில் கரீபியன் தீவு நாடான டொமினிக்கா போகிறோம். (டொமினிகன் குடியரசு அல்ல, டிக்கெட் போடும்போது பலர் மாட்டுவது இங்கேதான்.) இந்திய பாஸ்போர்ட்டுக்கு அங்கே விசா வேண்டாம். ஆனால் பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பில் படகேற பிரெஞ்சு விசா வேண்டும், அதனால் பார்படாஸ் வழியாக விமானம். விமான நிலையம் வடகிழக்கில், தலைநகர் ரோசோ தென்மேற்கில். மலைப்பாதையில் ஒரு மணி நேரத்துக்கு மேல். முதல் நாள் இருட்டில் வண்டி ஓட்டுவது சரிவராது, டாக்ஸிதான்.

தெரிய வேண்டியது இதுதான்: நடைபாதை தொடங்கும் லோடா கிராமத்திலிருந்து ஏரிக்குப் போய்வர ஆறேழு மணி நேரம். வழியில் வெந்நீர் ஓடைகள், கந்தகம் படிந்த வழுக்குப் பாறைகள். மழை பெய்தபின் எந்த மாதிரி ஷூ பிடிக்கும்? வழிகாட்டிக்கு அமெரிக்க டாலர் கொடுத்தால் ஒரு டாலருக்கு 2.70 கிழக்கு கரீபியன் டாலர் (உள்ளூர்ப் பணம்) கணக்கில்தான் மீதி தருவார்களா? ராணுவ டிசைன் உடை அங்கே சட்டப்படி தடை. பையில் அதே டிசைன் இருந்தாலும் சிக்கலா?