விக்டோரியா பொது மண்டபம்: கட்டியவர் பெயரையாவது சரியாகச் சொல்லுங்கள்

சேத்துப்பட்டுக்காரன்
சென்னை சென்ட்ரலுக்குப் பக்கத்தில் உள்ள விக்டோரியா ஹாலைப் பற்றி 'கணக்குப்பிள்ளை' என்ற நண்பர் நேற்று இப்படி எழுதியிருந்தார்: "சிசோம் என்ற வெள்ளைக்காரர் கட்டிய, பாழடைந்து கிடந்த ஹாலைச் சீரமைக்க மாநகராட்சி 32 கோடிக்கு மேல் கொட்டியிருக்கிறது. இடித்துவிட்டு வண்டி நிறுத்த இடம் விட்டால் சென்ட்ரலுக்கு வருகிறவர்கள் வாழ்த்துவார்கள்." இடிப்பதா வேண்டாமா என்பது அப்புறம். அதைக் கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். சிசோம் காகிதத்தில் கோடு போட்டார். செங்கல்லை மேலே ஏற்றியது காகிதம் அல்ல.

கணக்குப்பிள்ளை
நான் கேட்டது 32 கோடியைப் பற்றி. பதில் வந்திருப்பது செட்டியாரைப் பற்றி. நல்லது.

பென்சில்முனை
செட்டியார் ஒப்பந்தக்காரர். உயர்ந்த மனிதர், மறுக்கவில்லை. ஆனால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸை வடித்த கை அல்லவா சிசோமுடையது? விக்டோரியா ஹால் கோபுரத்தின் உச்சிக் கூரையைப் பாருங்கள், திருவிதாங்கூர் பாணி. திருவனந்தபுரம் நேப்பியர் மியூசியத்தை வடிவமைத்தவருக்குத்தான் அது தோன்றும். செங்கல் ஏற்றியவருக்குத் தோன்றாது.

சேத்துப்பட்டுக்காரன்
'செங்கல் ஏற்றியவர்'! உயர் நீதிமன்றத்தைக் கட்டியவரும், ராமானுஜனுக்குக் கடைசிக் காலத்தில் தம் வீட்டில் இடம் கொடுத்தவரும் உங்களுக்குச் செங்கல் ஏற்றியவர். படம் வரைகிறவர்களுக்குக் கொத்தனார் என்றாலே இளக்காரம். இதே ஆள் சென்ற ஆண்டு கன்னிமாரா நூலகம் பற்றிப் பேசியபோதும் இதைத்தான் சொன்னார். நான் மறக்கவில்லை.

பென்சில்முனை
மறக்க மாட்டீர்கள் என்று தெரியும். அன்றைக்கும் நீங்கள்தான் 27 பதிவு போட்டீர்கள்.

கொத்தனார் மகன்
ஐயா இருவருக்கும் ஒரு வார்த்தை. கட்டியது யாராக இருந்தாலும் அது சுண்ணாம்புச் சாந்து. சீரமைப்பில் எதை வைத்துப் பூசினார்கள் என்பதுதான் கேள்வி. என் அப்பா சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை விட்டு அரைப்பார். கரண்டியைக் கவிழ்த்தாலும் சாந்து விழக்கூடாது. விழுந்தால் மறுபடி அரை என்பார். எங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டுக்கு ஒரு ஒப்பந்தக்காரர் சிமெண்ட் பூசினார். இரண்டே மழைக்காலம். உள்ளே தங்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல் உப்புப் பூத்து மாவாக உதிர்ந்தது. மேலே பூச்சு மட்டும் பலகை போல நின்றது. தட்டினால் பானை போலச் சத்தம் கேட்கும்.

சேத்துப்பட்டுக்காரன்
கவனியுங்கள், கொத்தனார் மகனே சொல்லிவிட்டார். கட்டிடம் என்பது சாந்து. சாந்து போட்டவர் செட்டியார். ஆகவே கட்டியவர் செட்டியார்.

கொத்தனார் மகன்
நான் அப்படிச் சொல்லவே இல்லையே.

தஞ்சைத் தம்பி
பெரிய கோயிலைக் கட்டியவர் யார் என்றால் ராஜராஜன் என்கிறோம். கல்வெட்டில் பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயர் இருந்தும் எத்தனை பேர் சொல்கிறோம்? அந்தக் கணக்கில் 1883இல் அடிக்கல் நாட்டிய விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜுதான் இதைக் கட்டியவர். இல்லையென்றால் நன்கொடை கொடுத்த ஊர்மக்கள்.

சேத்துப்பட்டுக்காரன்
தம்பி, அடிக்கல் நாட்டுகிறவர் கட்டுகிறவர் என்றால் இன்றைய அமைச்சர்கள் எல்லாரும் கொத்தனார்கள்.

எழும்பூர்வாசி
எதற்கு இந்தச் சண்டை? விக்டோரியா ஹாலை வடிவமைத்தவர் ஹென்றி இர்வின். எழும்பூர் மியூசியம் வளாகத்தில்தானே இருக்கிறது.

பென்சில்முனை
அது விக்டோரியா நினைவு மண்டபம், 1909. நாம் பேசுவது ரிப்பன் கட்டிடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் டவுன் ஹால். எழும்பூரில் குடியிருந்துகொண்டே இப்படியா?

எழும்பூர்வாசி
பெயர் ஒன்றாக வைத்தது என் குற்றமா? அதைக் கட்டியதும் செட்டியார்தானே?

சேத்துப்பட்டுக்காரன்
ஆமாம்! அதையும் அவர்தான்! நன்றி.

அரங்கநாயகி
பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகம் போட்ட மேடை அது. 1897இல் விவேகானந்தர் பேசியதும் அங்கேதான். தரைத்தளத்தில் அருங்காட்சியகம், மேல்தளத்தில் நிகழ்ச்சி அரங்கம் என்கிறார்கள். எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும்: சிறிய நாடகக் குழுவுக்கு ஒரு மாலைக்கு வாடகை என்ன? எங்கள் குழுவில் ஒன்பது பேர். அரங்க வாடகைக்கே வசூல் போய்விடுவதால் ஆறு மாதமாக ஒத்திகையோடு நிற்கிறோம்.

கணக்குப்பிள்ளை
அம்மா கேட்பது நியாயம். கண்ணாடிப் பெட்டிக்குள் நாலு பழைய போட்டோவை வைத்து 32 கோடி என்பது நியாயமா? இதற்குத்தான் இடிக்கச் சொன்னேன்.

தஞ்சைத் தம்பி
அதே வளாகத்தில் மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தது. அந்த இடத்தில் ரயில் நிலையக் கட்டிடம் வந்தது. யார் வாழ்த்தினார்கள்? சேப்பாக்கம் அரண்மனையின் கலசமகால் 2012இல் தீயில் கருகியது, இடிக்காமல் சீர்செய்தார்கள். இன்று பசுமைத் தீர்ப்பாயம் அங்கே நடக்கிறது. பழைய கட்டிடத்துக்கு வேலை கொடுத்தால் அது நிற்கும்.

பென்சில்முனை
கலசமகால் நல்ல உதாரணம்.

சேத்துப்பட்டுக்காரன்
பேச்சை மாற்றாதீர்கள். கலசமகாலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மெட்ரோவுக்குப் பள்ளம் தோண்டிய காலத்தில் அந்த வழியாக 8 ஆண்டுகள் பஸ்ஸில் போனவன் நான். தகரத் தடுப்புக்கு மேலே கோபுரம் மட்டும் தெரியும், அதன் இடுக்கில் ஓர் அரசங்கன்று. ஆண்டுக்கு ஆண்டு அது வளர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குச் சிசோம் ரசிகர் யாராவது வந்து அதைப் பிடுங்கினாரா?

பென்சில்முனை
செட்டியார் ரசிகர் நீங்கள் இறங்கிப் பிடுங்கியிருக்கலாமே. பஸ் அங்கே நிற்கும்.

சேத்துப்பட்டுக்காரன்
வாசலில் வைக்கும் பலகையில் முதல் வரியில் நம்பெருமாள் செட்டியார் பெயர் இருக்க வேண்டும். மாநகராட்சிக்கு மனு எழுதிவிட்டேன். சிசோம் பெயர் வேண்டுமானால் கீழே, சின்ன எழுத்தில்.

பென்சில்முனை
வடிவமைத்தவர் பெயர் சின்ன எழுத்திலா? நானும் மனு எழுதுகிறேன்.

கொத்தனார் மகன்
பலகையைச் சிமெண்ட் வைத்துச் சுவரில் பதிக்க வேண்டாம் என்று இரண்டு மனுவிலும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

அரங்கநாயகி
வாடகை எவ்வளவு என்று கேட்டிருந்தேன்.

சேத்துப்பட்டுக்காரன்
அம்மா, கொஞ்சம் பொறுங்கள். இவருக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது.